கேட்டாச்சு, வாரோம்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி சத்தமில்லாமல்தான் வந்தது. அன்று காலை கயத்தாற்றில் ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கதவுச் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. முத்துலட்சுமி ஒரு காணொளி அனுப்பியிருந்தார். தையலகத்தில் அக்காவுக்குப் பக்கத்து மிஷின் அவருடையது. அக்காவைப் போலவே அவருக்கும் பிறவியிலிருந்து காது கேட்காது. காணொளியில் அவர் இடது தோளில் ஊசி குத்துவதுபோல் இரண்டு விரல்களை வைத்தார். பிறகு உள்ளங்கையை மெல்லக் கவிழ்த்தார். அவ்வளவுதான். தோளில் விரல் வைத்தால் எஸ்தர் அக்கா என்று பொருள். சேலையின் தோள் மடிப்பில் நூல் கோத்த ஊசியொன்று எப்போதும் குத்தியிருக்கும் என்பதால் சைகை மொழியில் அவருக்கு அந்தப் பெயர். கவிழ்ந்த கைக்கு என்ன பொருள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்த இருட்டுக் குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் அழுதேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் கோவில்பட்டியில் அக்காவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள். சொன்ன தேதிக்கு முன்னாலேயே போய் நின்று, அவருடைய ஒரு முறைப்பில் திரும்பி வந்தவர்களும் இருப்பீர்கள். தையலகம் இருந்த காம்ப்ளக்ஸில் சிலர் அவரைப் ‘பேசாத அக்கா’ என்பார்கள். அவரோடு ஐந்து நிமிடம் இருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெட்டு மேசையில் எப்போதும் ஒரு கறுப்பு லைனிங் துணி விரிந்திருக்கும். அதில் தையல் சாக்பீஸால் எழுதுவார், கையால் தட்டி அழிப்பார், மறுபடி எழுதுவார். எழுதுவதெல்லாம் பள்ளிக்கூடத் தமிழ். ‘தாங்கள் அமருங்கள்’, ‘அளவு ரவிக்கை எங்கே?’ என்றுதான் வரும். நாம் பேசுகிற தமிழை அவர் கேட்டதே இல்லையே! சொந்த ஊர் நாகலாபுரம் பக்கம். ஆனால் எழுத்தைப் பார்த்தால் தமிழாசிரியை என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது என் தப்பால். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் அக்கா கல்லறையிலிருந்து எழுந்துவந்து தட்டி அழிப்பார். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பக்கத்து லிஃப்டுகளில் பாதிக்கு மேல் என் கைபட்டவை. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், கரண்டு போய் வந்ததில் அந்தக் காம்ப்ளக்ஸ் லிஃப்ட் இரண்டாவது மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. வாட்ச்மேன் சங்கரபாண்டி அண்ணாச்சி போன் செய்தார். போய்ப் பார்த்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ரிலே ஒன்று எரிந்திருந்தது. அதை மாற்ற வேண்டும், கையில் இல்லை.

“உள்ள ஆள் உண்டா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“மணி அடிக்கி. போன எடுத்து யாரு, யாருன்னு கேட்டா ஒரு பதிலும் இல்ல. கரண்டு போயி வந்ததுல அதுவா அடிக்கின்னு நெனைக்கேன்” என்றார்.

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூடிய கதவுக்கு முன்னால் நின்று “ஆள் உண்டா?” என்று மூன்று குரல் கொடுப்போம். பதில் வராவிட்டால் ஆளில்லை. ஊரில் அடுத்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறோமே, அதே பழக்கத்தைத்தான் வேலைக்கும் கொண்டுவந்திருந்தோம். விதி அப்படிச் சொல்லவில்லை. சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்து, கண்ணால் பார்த்த பிறகுதான் ஆளில்லை என்று எழுத வேண்டும். சாவி என் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்க, மூன்று குரல் கொடுத்தேன். பிறகு பதிவேட்டில் ‘உள்ளே ஆள் இல்லை’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, ரிலே வாங்கப் போனேன். போகிற வழியில் நிதானமாகச் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் நன்றாக இருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ரிலேயை மாற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கதவு திறந்தது. உள்ளே எஸ்தர் அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளவுஸ், பக்கத்தில் அடுக்கி வைத்த பிளவுஸ்கள். அந்த லிஃப்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அவசர விளக்கு. அந்த வெளிச்சத்தில் அத்தனைக்கும் கொக்கி தைத்து முடித்திருந்தார். சேலை வியர்வையில் நனைந்திருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், ஊசியைத் தோளில் குத்தினார், எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் தையலகத்துக்குப் போனேன். மன்னிப்பில்கூடக் கொஞ்சம் கள்ளத்தனம் வைத்திருந்தேன். ‘வந்தேன், சத்தம் வரவில்லை, அதனால் தெரியவில்லை’ என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை வாசித்துவிட்டு அக்கா என் செருப்பைச் சுட்டிக்காட்டினார். அதன் வார் அறுந்து, நீல நூலால் நானே தைத்திருந்தேன். கறுப்புத் துணியில் எழுதினார்:

‘நேற்று கதவுக்கு அடியில் இந்த நீல நூல் தெரிந்தது. நீங்கள் வந்தீர்கள், நின்றீர்கள், போனீர்கள். நான் கதவைத் தட்டினேன். மணி அடித்தேன். எத்தனை முறை கூப்பிட்டீர்கள்?’

மூன்று விரல்களைக் காட்டினேன்.

‘நான் முப்பது முறை’ என்று எழுதினார்.

 தலை குனிந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.  அக்கா என் செருப்பைக் கழற்றச் சொன்னார். தைத்துத் தரப்போகிறார் என்று நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். ‘தையல் மிக மோசம். ஆனால் பிரிக்க மாட்டேன். அது இருந்தால்தான் உங்களை அடையாளம் தெரியும்’ என்று எழுதினார். முத்துலட்சுமியும் மற்றவர்களும் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றுமுதல் சைகையில் என் பெயர் ‘அறுந்த செருப்பு’. பாதத்தைத் தொட்டு இரண்டு விரல்களைப் பிரித்துக் காட்டினால் அது நான். இன்றுவரை அதுதான்.

நடந்தது இதோடு முடிந்திருந்தால் நான் செய்த தப்பு ஒரு வேடிக்கைக் கதையாகப் போயிருக்கும். ஒரு வாரம் கழித்துக் கட்டட முதலாளி லிஃப்டுக்குள் ஒரு அறிவிப்பை ஒட்டினார்: ‘காது கேளாதோர் துணையின்றி ஏறக் கூடாது.’ தையலகம் மூன்றாவது மாடியில். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. காலையில் யாராவது துணைக்கு வருவார்களா என்று ஐம்பத்தைந்து வயதுப் பெண் கீழே காத்து நிற்க வேண்டும், அல்லது படியேறிச் செத்துப்போக வேண்டும். அக்கா வேலையை விடுவது என்று முடிவெடுத்திருந்ததாக முத்துலட்சுமி பின்னால்தான் எனக்குச் சொன்னார்.

முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். “ஏ, அவிய நல்லதுக்குத்தானவே சொல்லுதேன்? மறுபடியும் மாட்டிக்கிட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்லுதது?” என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அக்காவும் என்னோடு வந்திருந்தார். முதலாளியின் மேசையில் கிடந்த காகிதத்தில் எழுதினார்: ‘எனக்குக் காது கேட்காது. உங்கள் லிஃப்டுக்கும் கேட்காது. என்னை மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள்?’

நான் பயிற்சிக்குப் போன காலத்தில் கொடுத்த விதிப்புத்தகம் வீட்டுப் பரணில் கிடந்தது. எடுத்துவந்து அக்காவின் மேசையில் விரித்தேன். உள்ளே மாட்டியவருக்குத் தன் அழைப்பு போய்விட்டது என்பது ஒரு மஞ்சள் விளக்கால் தெரிய வேண்டும். யாரோ அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஒரு பச்சை விளக்கால் தெரிய வேண்டும். குரல் இருக்கலாம், குரலோடு வெளிச்சமும் இருக்க வேண்டும். நாங்களோ பேசுகிற போன் ஒன்றை மாட்டிவிட்டு அதுவே போதும் என்று இருந்தோம். அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

‘இது புதிய விதியா?’

இல்லை, வந்து பல காலமாகிறது என்றேன்.

‘பிறகு ஏன் இங்கே இல்லை?’

“யாரும் கேக்கலக்கா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சாக்கை எடுத்து, அவசரமே இல்லாமல், பெரிய எழுத்தில் எழுதினார்: ‘எனக்குக் கேட்காது. கேட்கத் தெரியும்.’

அந்த வரியைத் தட்டி அழிக்க நான் விடவில்லை. துணியை அப்படியே மடித்து வாங்கிக்கொண்டேன். சாக் எழுத்து என்றோ உதிர்ந்துவிட்டது. துணி மட்டும் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

முதலாளியைச் சம்மதிக்க வைத்தது அக்காதான், அதுவும் ஒரு வார்த்தை எழுதாமல். ஒரு நாள் அவர் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் கூட்டிப்போனார். முன்பே பேசி வைத்தபடி நான் ஜெனரேட்டரை ஓடவிட்டு லிஃப்டை நிறுத்தினேன். முதலாளி மணியை அழுத்தினார். சங்கரபாண்டி அண்ணாச்சி போனில் பேசினார். பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது முதலாளி சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு நின்றார். “ஏ, அந்த மனுசன் என்னமோ கொரகொரன்னு பேசுதாரு. வாராரா வரலையான்னே வெளங்கலையேவே! காது நல்லா கேக்குத எனக்கே இந்தக் கதின்னா...” என்று இழுத்தார். அக்கா கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார். முதலாளி அந்த வாரமே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார்.

விளக்குகள் வந்தன. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வாசகம் வேண்டும். ‘தங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது. தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று நான் எழுதிப்போனேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

‘உங்கள் ஊரில் ஒருவர் கூப்பிட்டால் இப்படியா பதில் சொல்வீர்கள்?’

இல்லை, ‘கேட்டாச்சு, வாரோம்’ என்போம் என்று எழுதினேன்.

‘வாரோம்’ என்ற சொல்லை அவர் வெகுநேரம் பார்த்தார். ‘வருகிறோம் அல்லவா?’ என்றார். அப்படி இங்கே யாரும் சொல்வதில்லை என்றேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ‘அப்படியானால் இத்தனை வருடமாக நான் மட்டும்தான் வருகிறோம் என்று எழுதிக்கொண்டிருந்தேனா? ஒருவரும் சொல்லவில்லையே’ என்று எழுதி, சாக்கை மேசையில் அடித்து உடைத்தார். வாசகம் அப்படியே ஒட்டப்பட்டது. மஞ்சளுக்குப் பக்கத்தில் ‘மணி அடிச்சாச்சு’, பச்சைக்குப் பக்கத்தில் ‘கேட்டாச்சு, வாரோம்’. கேட்டே அறியாத ஒருவர் பொறுக்கி எடுத்த சொற்கள் அவை. அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு ஊர்ச்சொல் எழுதிக் கேட்பார். ‘இங்கன’, ‘அவிய’, ‘ஏட்டி’ எல்லாம் கற்றுக்கொண்டார். ஒரு நாள் கைப்பேசியில் அவரிடமிருந்து செய்தி வந்தது: ‘ஏலே, தாங்கள் எப்போது வருவீர்கள்?’ அதைப் படித்துவிட்டு நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சிரித்தேன்.

தனக்கு ஆனதும் அவர் ஓயவில்லை. கண் தெரியாதவர் விரலால் தடவி அறிய பொத்தான்மேல் புள்ளிகள் வேண்டும் என்றார். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பொத்தான் எட்டாது என்று, ஒரு ஸ்டூலில் தானே உட்கார்ந்து கையை நீட்டி அளந்து, உயரத்தைச் சாக்கால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். இதெல்லாம் நான் கொண்டுவந்த புத்தகத்தில் இருந்தவைதான். இத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் வாசிக்காத பக்கங்கள் அவை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை சோதனை நாள். அக்கா உள்ளே போய் நின்று அழுத்துவார். கீழே மணி அடித்து விளக்கு எரிந்ததும் சங்கரபாண்டி அண்ணாச்சி தன் மேசையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளே பச்சை எரியும். முதல் சோதனையில் பச்சை உடனே எரிந்தது. அண்ணாச்சி வந்து சேரத்தான் பன்னிரண்டு நிமிடம் ஆனது. என்னவென்று பார்த்தால், பொத்தானை அழுத்திவிட்டு, பாதியில் விட்ட டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்திருக்கிறார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். ‘வாரோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது பொய். எழுந்த பிறகு அழுத்துங்கள்’ என்று எழுதிக் காட்டினார். அண்ணாச்சி, “தப்புதான் தாயி, இனிமே எந்திச்சிட்டே அமுக்குதேன்” என்று காதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவராகவே ஒரு வேலை செய்தார். மேசையில் இருந்த பொத்தானைப் படிக்கட்டுப் பக்கத்துச் சுவருக்கு மாற்றச் சொன்னார். எழுந்து நாலு எட்டு வைக்காமல் இனி யாரும் ‘வாரோம்’ என்று சொல்ல முடியாது. இப்போது நான் வேலை பார்க்கிற எல்லாக் கட்டடங்களிலும் பொத்தான் அப்படித்தான் இருக்கிறது. எந்த விதிப்புத்தகத்திலும் இதை நான் பார்த்ததில்லை.

போன வருடம் சர்க்கரை அவரைப் படுத்தத் தொடங்கியது. ஆனாலும் திங்கட்கிழமை தவறாமல் வந்தார். கடைசியாக வந்தபோது உள்ளே ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தபோது வழக்கம்போல் மடியில் ஒரு பிளவுஸ், கையில் ஊசி. ‘உட்கார்ந்து தைக்க இந்தக் கட்டடத்தில் இதைவிட அமைதியான இடம் இல்லை’ என்று எழுதினார். காது கேளாதவர் சொன்ன நகைச்சுவை என்பது எனக்குப் படியிறங்கும்போதுதான் உறைத்தது.

நாகலாபுரத்துக்குப் போகிற வழியில், அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. முந்தின நாள் மழை. கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுத்தது. நீல நூல் போட்ட வார் அங்கேதான் முழுதாக அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு நின்றேன். அக்காவின் தோழிகள் அதைப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பாதத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, மறுபடி அழுதார்கள். நானும் அப்படித்தான். போதகர் ஜெபித்ததை அவர்களுக்காக ஒருவர் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. நினைத்ததைக் கேட்டு வாங்கியவர் முகம் அது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை: ஒரு கறுப்புத் துணி, ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு பெயர், மூன்று குரலை நம்பாமல் சாவியை எடுக்கிற கை. பெயருக்குரிய செருப்பு போய்விட்டது. புதுச் செருப்பு வாங்கியதும் முதல் வேலையாக அதன் வாரில் நீல நூலால் நாலு தையல் போட்டேன். மோசமாகத்தான் வந்திருக்கிறது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரமே மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்தது. சோதனைக்கு ஆளில்லை, நானே உள்ளே போனேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு லிஃப்டை நிறுத்தி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிரே சுவரில், பழைய அறிவிப்பைக் கிழித்த பசைத் தடம் இன்னும் இருந்தது. அதன்மேல்தான் புதிய வாசகம் ஒட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் எரிந்தது. எதுவும் கேட்கவில்லை. அந்தச் சில நொடிகளில் அவருடைய இரண்டு மணி நேரம் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது, பயமாகவும் இருந்தது. பச்சை எரிந்தது. கேட்டாச்சு, வாரோம்.

கதவு திறந்தபோது சங்கரபாண்டி அண்ணாச்சி மூச்சு வாங்க நின்றிருந்தார். “எந்திச்சிட்டுத்தான் அமுக்கினேன், ஆமா” என்று அவர் சொன்னதை உதட்டசைவில் வாசித்தேன். லிஃப்ட் நின்றுவிட்டதே என்று முத்துலட்சுமியும் தையலகத்தின் காது கேளாத இன்னொரு பெண்ணும் அவருக்குப் பின்னால் படியேறி வந்திருந்தார்கள். முத்துலட்சுமி தன் பாதத்தைத் தொட்டார், தோளில் இரண்டு விரல் வைத்தார், நான் உட்கார்ந்திருந்த விதத்தைக் காட்டிச் சிரித்தார். நான் எழுந்து, லிஃப்டை மறுபடி ஓடவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் இருவரும் ஏறி மூன்றை அழுத்தினார்கள். கதவு மூடியது. துணைக்கு யாரும் ஏறவில்லை.